ரைசன் 5600ஜி வச்சு பட்ஜெட் சிஸ்டம்: கொட்டேஷன்ல எழுதாம விடறத பாருங்க

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் கடைல போயி "பட்ஜெட்டுக்குள்ள ஒரு சிஸ்டம் போடணும்ணா"ன்னு கேட்டா அஞ்சு நிமிஷத்துல ஒரு துண்டு பேப்பர்ல கொட்டேஷன் எழுதி குடுத்துருவாங்க. அதுல ப்ராசசர் பேரு தெளிவா இருக்கும், ராம் 16 ஜிபின்னு இருக்கும், எஸ்எஸ்டி 512ன்னு இருக்கும், கேபினட்டுக்கு நேரா ஆர்ஜிபி ஃபேன், கிளாஸ் டோர்னு எல்லாம் விவரமா இருக்கும், எஸ்எம்பிஎஸ்னு, அதாவது எல்லா பார்ட்டுக்கும் கரண்டு குடுக்கற பவர் சப்ளைன்னு, வர்ற எடத்துல மட்டும் வெறும் "450 வாட்ஸ்", இல்லன்னா "வித் கேபினட்". ராம் ஒரே ஸ்டிக்கா ரெண்டு ஸ்டிக்கா, எஸ்எஸ்டி எந்த கம்பெனி எந்த மாடல், மதர்போர்டுல எத்தன ராம் ஸ்லாட், இது எதுவும் அந்த பேப்பர்ல இருக்காது. என்னோட அனுபவத்துல பட்ஜெட் சிஸ்டத்துல காசு அடி வாங்குற எடம் அந்த எழுதாம விட்ட எடம் தான்.

2024ல அக்கா பையன் இன்ஜினியரிங் சேந்தப்ப அவனுக்காக போட்ட சிஸ்டம் பத்தின ரிவ்யூ இது. அவனுக்கு தேவை ஆட்டோகேட், பைத்தான், கொஞ்சம் வீடியோ எடிட்டிங், ராத்திரி ஃப்ரெண்ட்ஸோட வேலரண்ட் கேம். மானிட்டரோட சேத்து 45 ஆயிரத்துக்குள்ள முடிக்கணும், கிராபிக்ஸ் கார்டு இப்ப வேணாம், பின்னாடி காசு இருந்தா போட்டுக்கலாம்னு அக்கா சொல்லிட்டாங்க. அத மனசுல வச்சுதான் ஒவ்வொரு பார்ட்டும் எடுத்தது.

மொதல்ல ஒரு விஷயம், இத சொல்லாம மேல போக மனசு வரல. ஆன்லைன்லயும் யூடியூப்லயும் "ஐ7 ப்ராசசர், 16 ஜிபி ராம், 512 எஸ்எஸ்டி, 15 ஆயிரம் தான்"னு விளம்பரம் வருது பாருங்க, அதுல பாதிக்கு மேல பழைய மூணாவது ஜெனரேஷன் ஐ7, அதாவது 2012ல வந்த 3770, இல்லன்னா அதுக்கும் முந்தின 2600, கூட எச்61 போர்டு, டிடிஆர்3 ராம். போர்டு புதுசா இருக்கும், பாக்ஸ் பளபளன்னு இருக்கும், ப்ராசசர் மட்டும் ஏதோ ஆபீஸ்ல பத்து வருஷம் ஓடி கழட்டுனது. 2022ல வந்த ஐ3-12100 இருக்கே, அதுவும் நாலு கோர் எட்டு த்ரெட் தான், ஆனா அந்த ஐ7 3770ய விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வேகம். விண்டோஸ் 11 அந்த பழைய ப்ராசசர்ல அதிகாரப்பூர்வமா கிடையாது, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சு போச்சு. காலேஜ் போற புள்ளைக்கு கடன ஒடன வாங்கி இத எடுத்து குடுக்கறவங்கள பாத்தா நெஜமாவே வயிறு எரியுது. ஐ7ன்ற பேர மட்டும் பாக்காதீங்க, பின்னாடி வர்ற நம்பர் என்னன்னு கேளுங்க, சொல்லலன்னா அந்த கடைய விட்டு நகந்துருங்க.

ப்ராசசருக்கு கடைசில ரெண்டு பேர்தான் போட்டில இருந்தாங்க, இன்டெல் ஐ5-12400, ஏஎம்டி ரைசன் 5 5600ஜி. ரெண்டும் 6 கோர் 12 த்ரெட். சுத்தமா ப்ராசசர் வேகம்னு பாத்தா 12400 முன்னாடி நிக்குது, அதுல சந்தேகமே இல்ல. ஆனா கார்டு இல்லாம கேம் ஆடணும்னா 12400ல இருக்கற யூஎச்டி 730 பத்தாது, 5600ஜில இருக்கற வேகா 7 கிராபிக்ஸ் அத விட ரொம்ப முன்னாடி. எங்களுக்கு இப்போதைக்கு கார்டு இல்லன்றதால 5600ஜி தான்னு முடிவாச்சு. நீங்க வெறும் டேலி, எக்செல், கோடிங், ப்ரவுசர்னு இருந்தா ஐ3-12100ஓட எச்610 போர்டு போதும், அதுல மிச்சமாகற காச நல்ல மானிட்டர்ல போடுங்க. ஒண்ணே ஒண்ணு, பேருக்கு பின்னாடி எஃப் இருந்தா, 12100எஃப், 12400எஃப் மாதிரி, அதுல கிராபிக்ஸே கிடையாது, கார்டு போடாம டிஸ்ப்ளே வராது. ரைசன்ல 5500, 5600 ரெண்டுக்கும் இதே கதைதான். விலை கம்மியா இருக்கேன்னு இத எழுதி குடுத்துட்டு அப்பறம் "டிஸ்ப்ளேக்கு ஒரு சின்ன கார்டு போட்டுக்கலாம் சார்"னு ஜிடி 730 சேப்பாங்க. 2014ல வந்த கார்டு அது, அந்த கெப்ளர் தலைமுறை கார்டுக்கெல்லாம் என்விடியா புது கேம் டிரைவர் குடுக்கறத 2021லயே நிறுத்திட்டாங்க, 5600ஜி உள்ளயே இருக்கற கிராபிக்ஸ் அத தூக்கி சாப்பிட்டுரும். "4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு"னு பெருசா எழுதிருந்தா மாடல் நம்பர் கேக்காம தலையாட்டாதீங்க.

இப்ப ராம். இந்த மாதிரி உள்ளயே கிராபிக்ஸ் இருக்கற ப்ராசசர்ல ராம் தான் எல்லாம், ஏன்னா கிராபிக்ஸுக்குன்னு தனி மெமரி கிடையாது, சிஸ்டம் ராம்ல இருந்து தான் எடுத்துக்குது. டிடிஆர்4 3200 ஒரு ஸ்டிக் போட்டா செகண்டுக்கு 25.6 ஜிபி டேட்டா தான் போக வர முடியும், ரெண்டு ஸ்டிக் போட்டா 51.2. அதனால 16 ஜிபி ஒரே ஸ்டிக்கா வாங்கறதுக்கு பதிலா 8 ஜிபி ரெண்டா வாங்கணும், கேம்ல மூணுல ஒரு பங்கு ஃப்ரேம், சில கேம்ல அதுக்கும் மேல, இந்த ஒரு விஷயத்துல தான் போகுது. கடைல கேட்டா "ஒரே ஸ்டிக்கா போடுங்க சார் பின்னாடி இன்னொண்ணு சேத்துக்கலாம்"னு சொல்வாங்க, கார்டு போடற ஆளுக்கு அது சரியான பேச்சு, கார்டு இல்லாதவங்களுக்கு அது நஷ்டம். அதோட ஸ்டிக் போட்டதும் 3200ல ஓடிரும்னு நெனைக்காதீங்க, பயாஸ்ல, அதாவது விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி வர்ற போர்டோட செட்டிங்ஸ்ல போயி, ராம முழு வேகத்துல ஓட விடற எக்ஸ்எம்பிய ஆன் பண்ணணும், போர்ட பொறுத்து டிஓசிபின்னும் பேரு இருக்கும், நிறைய ஸ்டிக் அத பண்ணலன்னா 2400லயோ 2666லயோ தான் ஓடும். அசெம்பிள் பண்ணி தர்ற கடைல நிறைய பேரு இத தொடறதே இல்ல. வீட்டுக்கு வந்ததும் டாஸ்க் மேனேஜர்ல மெமரி ஸ்பீட் என்னன்னு ஒரு தடவ பாத்துருங்க, காசு குடுத்த வேகத்த வாங்கிக்கறதுல என்ன இருக்கு.

விலை பத்தி ஒரு வார்த்த. நாங்க வாங்குனப்ப 16 ஜிபி டிடிஆர்4 மூவாயிரத்து சொச்சம். 2025 பின்பாதில இருந்து ராம் விலை தாறுமாறா ஏறிருச்சு, தயாரிக்கற கம்பெனிங்க ஏஐ சர்வருக்கான மெமரி பக்கம் சாஞ்சுட்டாங்க, டிடிஆர்4 தயாரிப்பையும் கொறச்சுட்டே வர்றாங்க. மைக்ரான் கம்பெனி க்ரூஷியல்ன்ற பேர்ல நமக்கு வித்துட்டு இருந்த வியாபாரத்தையே மூடறோம்னு 2025 டிசம்பர்ல சொல்லிட்டாங்க, வித்த பொருளுக்கு வாரண்டி தொடரும்னும் சொல்லிருக்காங்க. அதனால நான் எழுதற ரூபாய் கணக்க அப்படியே எடுத்துக்காதீங்க, எதுக்கு எவ்ளோ பங்கு ஒதுக்கணும்னு மட்டும் பாருங்க. வீட்ல பழைய டிடிஆர்4 சிஸ்டம் ஏதாவது தூசி படிஞ்சு கெடந்தா அந்த ராம கழட்டி வைங்க, இன்னைக்கு அதுக்கு மதிப்பு இருக்கு.

போர்டுல ஏ520 எடுத்துருந்தா மூவாயிரம் நாலாயிரம் மிச்சம். நான் பி550எம் தான்னு நின்னேன். காரணம் ரெண்டு. ஒண்ணு, நாலு ராம் ஸ்லாட்டு, ரெண்டு எட்டு ஜிபிய கழட்டாமயே பின்னாடி இன்னும் ரெண்டு சேத்துக்கலாம், விலை குறைஞ்ச ஏ520எம் போர்டுல பெரும்பாலும் ரெண்டே ஸ்லாட்டு தான். ரெண்டாவது, கிராபிக்ஸ் கார்டும் எஸ்எஸ்டியும் ப்ராசசரோட பேசற வழி பிசிஐஈ, 5600ஜி அதுல 3.0 தான் தரும், போர்டு பி550யா இருந்தாலும் அதுல மாத்தம் கிடையாது, ஆனா நாளைக்கு 5700எக்ஸ் மாதிரி 8 கோர் ப்ராசசர் மாத்தறப்ப அதே போர்டுல பிசிஐஈ 4.0 திறந்துக்கும், அதோட 65 வாட்ஸ் தான்றதால போர்டுக்கும் கஷ்டம் இல்ல. நாலு வருஷம் அப்படியே ஓட்டிட்டு மொத்தமா மாத்திருவேன்னு இருக்கறவங்களுக்கு ஏ520 தாராளமா போதும். பி450 பழைய ஸ்டாக்கு கம்மி விலைக்கு வந்தா பாக்ஸ்ல "ரைசன் 5000 டெஸ்க்டாப் ரெடி"னு ஸ்டிக்கர் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா கடைலயே பயாஸ் அப்டேட் பண்ணி டிஸ்ப்ளே காட்ட சொல்லுங்க, பழைய பயாஸோட வந்தா இந்த ப்ராசசர் அதுல கெளம்பாது. வைஃபை வேணுமா, பேருல வைஃபைன்னு இருக்கற போர்டு எடுங்க, இல்லன்னா யூஎஸ்பி டாங்கிள். அவ்ளோதான்.

எஸ்எஸ்டில "512 ஜிபி என்விஎம்ஈ"னு எழுதிட்டா முடிஞ்சுதுன்னு கடைக்காரங்க நெனைக்கறாங்க. நான் கேட்டது டபிள்யூடி ப்ளூ எஸ்என்580, 500 ஜிபி. டிஎல்சி மெமரி, அஞ்சு வருஷம் வாரண்டி, 300 டிபி வரைக்கும் எழுதலாம்னு கம்பெனியே எழுதி குடுக்குது. அதே அளவு க்ரூஷியல் பி3ல 110 டிபி தான், ஏன்னா அது க்யூஎல்சி, டிஎல்சிய விட ஒரு செல்லுல அதிக டேட்டாவ அடைக்கறதால சீக்கிரம் தேயற மெமரி. பி3 மோசம்னு சொல்லல, கேம் போட்டு வைக்க, படம் போட்டு வைக்க அது நல்லாவே இருக்கும், ஆனா விண்டோஸ் இருக்கற டிரைவுக்கு விலை வித்தியாசம் சில நூறு ரூபாய்னா ஏன் கம்மியானத எடுக்கணும். வேகத்துக்காக ஜென் 4, அதாவது பிசிஐஈ 4.0 டிரைவ் தேடி அலையாதீங்க, எஸ்என்580 கூட செகண்டுக்கு 4,000 எம்பி கிட்ட போகும்னு போட்டுருப்பாங்க, 5600ஜில அது 3,500 கிட்ட நின்னுரும், பழைய வகை சாட்டா எஸ்எஸ்டியோட 550ஓட ஒப்பிட்டா அதுவே எங்கயோ இருக்கு. நான் கேட்ட கடைல "டபிள்யூடி ஸ்டாக் இல்ல சார், அதே விலைக்கு வேற பிராண்டு 512 போட்டுக்கங்க, 12 ஜிபி அதிகம்"னாங்க, அந்த பிராண்டு பேர நான் கேள்விப்பட்டதே இல்ல. வெயிட் பண்றேன், இல்லன்னா இத மட்டும் வெளிய வாங்கிக்கறேன்னு சொன்னதும் பையன் ஒருத்தன் பத்து நிமிஷத்துல குடோன்ல இருந்து எடுத்துட்டு வந்தான்.

எஸ்எம்பிஎஸ் பத்தி நான் கொஞ்சம் அதிகமாவே பேசுவேன், பொறுத்துக்கங்க. வீட்டுக்கு கடக்கால் மாதிரி இது, வெளிய தெரியாது, ஆனா மத்ததெல்லாம் இது மேலதான் நிக்குது. கேபினட்டோட இலவசமா வர்ற எஸ்எம்பிஎஸ் மேல 450 வாட்ஸ்னு பெருசா அடிச்சிருப்பாங்க, ஸ்டிக்கர்ல +12 வோல்ட்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல எத்தன ஆம்ப்ஸ்னு பாத்து 12ஆல பெருக்குங்க. 15 ஆம்ப்ஸ்னு இருந்தா அது 180 வாட்ஸ் தான், ப்ராசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் போறது அந்த 12 வோல்ட் லைன் தான், மிச்சம் எழுதிருக்கறதெல்லாம் நமக்கு பெருசா உதவாத லைன். ஓவர் வோல்டேஜ், ஷார்ட் சர்க்யூட் வந்தா தானா கட் ஆகற பாதுகாப்பு உள்ள இருக்கான்னு அந்த மாதிரி பீஸ்ல யாராலயும் உறுதியா சொல்ல முடியாது, கரண்டு போயி திரும்ப வர்றப்ப வோல்டேஜ் எகிறுற நம்ம ஊர்ல அது போனா தனியா போகாது, போர்டையும் எஸ்எஸ்டியையும் கூட்டிட்டு போயிரும். 80 ப்ளஸ் ஸ்டிக்கர் இருந்தா எல்லாம் சரின்னும் இல்ல, 80 ப்ளஸ்ன்றது எவ்ளோ கரண்டு சூடா வீணாகுதுன்ற கணக்கு மட்டும் தான், பாதுகாப்புக்கான சர்டிஃபிகேட் கிடையாது. அதனால வாரண்டி எத்தன வருஷம்னு பாருங்க, அஞ்சு வருஷம் குடுக்கற கம்பெனி தன்னோட பொருள நம்பி தான் குடுக்குது.

எடுத்தது கோர்செயர் சிஎக்ஸ்550, 80 ப்ளஸ் ப்ரான்ஸ், அஞ்சு வருஷம் வாரண்டி. 5600ஜி முழு லோடுல 88 வாட்ஸ் தான் இழுக்கும், அதுக்கு எதுக்கு 550ன்னு அக்கா கேட்டாங்க, நியாயமான கேள்விதான். நாளைக்கு கார்டு போடறப்ப எஸ்எம்பிஎஸ் மாத்த வேண்டி வரக்கூடாதுன்னு தான். கார்டே போட மாட்டேன்னா நல்ல கம்பெனி 450 போதும், ஆனா அதுக்கும் கீழ இறங்காதீங்க, மொத்த பட்ஜெட்ல பத்துல ஒரு பங்கு இதுக்குன்னு ஒதுக்கிருங்க. இன்னொண்ணு, வீட்ல எர்த் சரியா இருக்கான்னு எலக்ட்ரீஷியன வச்சு ஒரு தடவ பாத்துருங்க. கேபினட்ட தொட்டா சுர்ருன்னு லேசா ஷாக் அடிச்சா கடைக்காரர திட்றதுக்கு முன்னாடி பிளக் பாயிண்ட பாருங்க, பெரும்பாலும் எர்த் வரல, இல்லன்னா மூணு பின்ன ரெண்டு பின் ஸ்பைக்ல சொருகிருப்பாங்க. யூபிஎஸ் 600 வி.ஏ. போட்டுருக்கோம், அது 360 வாட்ஸ் தாங்கும், கார்டு இல்லாத சிஸ்டத்துக்கும் மானிட்டருக்கும் அதிகம்.

கேபினட் முன்பக்கம் மெஷ் இருக்கறதா எடுங்க, கிளாஸ் வேணாம். மே மாசத்துல நம்ம ரூமே 35 டிகிரில இருக்கறப்ப காத்து உள்ள போக வழி இல்லாத பெட்டிக்குள்ள எத்தன கலர் ஃபேன் சுத்துனாலும் அதே சூட்ட தான் சுத்தி சுத்தி விடும். கூட வர்ற கூலர் போதும், தனியா வாங்கவே வேணாம். அந்த கூலர பின்னாடி கழட்டணும்னா மட்டும் சிஸ்டத்த கொஞ்ச நேரம் ஓட்டி சூடாக்கிட்டு லேசா திருகி எடுக்கணும், நேரா இழுத்தா பேஸ்ட்டோட ஒட்டிக்கிட்டு ப்ராசசரும் சாக்கெட்ல இருந்து பிச்சுக்கிட்டு வந்துரும், இந்த ஏஎம்4 வகை சாக்கெட்ல பின் ப்ராசசர் அடில தான் இருக்கு, வளைஞ்சா வாரண்டியும் கிடையாது.

ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நேர்ல போலாமா ஆன்லைனான்னு கேட்டா, நான் நேர்ல போறத தான் சொல்வேன், சென்னைல இருக்கறவங்களுக்கு. அரசினர் தோட்டம் மெட்ரோல இறங்கினா நடந்தே போயிரலாம், ஞாயித்துக்கிழமை போயிராதீங்க, நிறைய கடை மூடிருக்கும். போறதுக்கு முன்னாடி எம்டி கம்ப்யூட்டர்ஸ், ப்ரைம் ஏபிஜிபி மாதிரி சைட்ல ஒவ்வொரு பார்ட்டோட விலையையும் போன்ல எடுத்து வச்சுக்கங்க, அத காட்டுனா பேச்சு வேற மாதிரி மாறும், ஒண்ணு ரெண்டு பார்ட்ல ஆன்லைன விட கம்மியாவே குடுத்தாங்க. பொருள் ஏதாவது டிஸ்ப்ளே வரலன்னா அன்னைக்கே மாத்திக்கலாம், பார்சல் கட்டி அனுப்பி வாரக்கணக்குல காத்திருக்க வேணாம், நேர்ல வாங்கறதோட பெரிய லாபம் இதுதான். பிடிக்காதது, "பில் இல்லாமன்னா 18 பெர்சன்ட் கம்மி சார்"ன்ற பேச்சு. அத மட்டும் செய்யாதீங்க, சர்வீஸ் சென்டர்ல மொத கேள்வியே பில் எங்கன்னு தான், அந்த ஜிஎஸ்டி காச குடுத்து மூணு வருஷம் அஞ்சு வருஷம் வாரண்டிய வாங்கறோம்னு வச்சுக்கங்க. பில்லுல ஒவ்வொரு பார்ட்டோட சீரியல் நம்பரும் எழுத சொல்லுங்க, பாக்ஸ் எல்லாத்தையும் வீட்டுக்கு எடுத்துட்டு வாங்க, ப்ராசசர் பாக்ஸ் சீல் உங்க கண்ணு முன்னாடி பிரிக்கணும்னு சொல்லுங்க. ட்ரே ப்ராசசர்னு தனியா லூஸ்ல வர்றத கொஞ்சம் கம்மிக்கு குடுப்பாங்க, அதுக்கு கம்பெனி வாரண்டி கிடையாது, கடை வாரண்டி தான்.

இப்ப எப்படி ஓடுதுன்னா, நல்லா ஓடுது. ஆட்டோகேட்ல 2டி வேலைக்கு ஒரு தடுமாத்தமும் இல்ல, வேலரண்ட் 1080பில செட்டிங்ஸ கொறச்சு வச்சா 100 ஃப்ரேமுக்கு மேல போகுது, ஜிடிஏ 5 நார்மல்ல விளையாடற மாதிரி இருக்கு, புதுசா வர்ற பெரிய கேம் எதையும் இதுல எதிர்பாக்காதீங்க, அது இந்த சிஸ்டத்தோட வேலையே இல்ல. வீடியோ எடிட்டிங்ல 1080பி ஃபுட்டேஜ் தாராளம், 4கேன்னா ப்ராக்ஸி, அதாவது எடிட் பண்ண மட்டும் கொறஞ்ச சைஸ்ல ஒரு காப்பி, போட்டு பண்றான். சத்தமும் கம்மி, ராத்திரி பக்கத்து கட்டில்ல தூங்கறவங்களுக்கு தொந்தரவு இல்லன்னு அக்கா சொல்றாங்க, எனக்கு அதுவே பெரிய சந்தோஷம்.

அடுத்து கார்டு. பையன் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி விலை கம்மியா கெடைக்குதுன்னு லிங்க் அனுப்பிட்டே இருக்கான், வேணாம்னு சொல்லிருக்கேன். அந்த கார்டுக்கு பிசிஐஈ லேன், அதாவது டேட்டா போற பாதை, நாலே நாலு தான், 4.0ல அது எப்படியோ சமாளிக்கும், 5600ஜியோட 3.0ல பாதி வழி அடைஞ்சு போகும், 4 ஜிபி மெமரி நெறஞ்சுதுன்னா கேம் திக்கி திக்கி போகும். ஆர்எக்ஸ் 6600 எட்டு லேன், 8 ஜிபி, 132 வாட்ஸ் தான், 3.0லயும் பெருசா இழப்பு இல்ல, சிஎக்ஸ்550ல இருந்து ஒரு 8 பின் கேபிள் எடுத்து சொருகினா முடிஞ்சுது. நல்ல கண்டிஷன்ல பில்லோட செகண்ட் ஹேண்ட் வந்தா செமஸ்டர் லீவுல எடுத்துரலாம்னு இருக்கோம்.